பூஜ்யம் பூஜ்யம்

பழைய விண்டோஸுக்கு ஆயுள் முடிந்ததென்று
அறிவிப்பு வந்த வாரம்
லினக்ஸ் போட்டேன்.
நாற்பது நிமிடம், ஒரு பென் டிரைவ், இரண்டு கோப்பைத் தேநீர்.
தன்னைப் பற்றி எதுவும் நினைவில்லாமல்
கண் விழித்தது லேப்டாப்.
பெயர் சொல்லிக் கை குலுக்கலாம் போலிருந்தது.

அன்றிரவு ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தது.
ஆறு ஜிகாபைட்.
வெள்ளிக்கிழமைக்குள் அதன் எஸ்தோனிய வசனங்களை
ரஷ்யத்தில் தர வேண்டும்.
நேற்றுவரை சூப் கொதிப்பதற்குள் இறங்கிவிடும்.
இன்று
மீதம் நான்கு மணி நேரம் என்றது.
சூப்பைக் குடித்து, தட்டைக் கழுவி, வந்து பார்த்தால்
மீதம் ஐந்து மணி நேரம்.

தொண்ணூறு மெகாபிட் மூன்றாகியிருந்தது.
கழுதைகூடக் கட்டெறும்பாக
கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொண்டிருக்கும்.

ரவுட்டரைப் பிடுங்கி, முப்பது எண்ணி, செருகினேன்.
அலமாரி உச்சியில் ஏற்றினேன்.
தண்ணீர் அலையைக் குடிக்கும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில்
மீன் தொட்டியைக் குளியலறைக்கு நகர்த்தினேன்.
மீன்கள் முகம் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
தாலினில் ஒரு பையன்
என் உச்சரிப்பைக் கேட்டதும்
தானாகவே ரஷ்யத்துக்கு மாறினான்,
இரு மொழிக்கும் நடுவில் நின்று சம்பாதிக்கிறவளிடம்.
"எங்கள் பக்கம் கோளாறில்லை" என்பதை
இரண்டிலும் கேட்டுக்கொண்டேன்.

தங்கை கணவன் ரோதியோன் வந்தான்.
"பழையதற்கே திரும்பிப் போ" என்றான்.
எதைக் கேட்டாலும் அவனிடம் அதுதான் மருந்து.
சொல்லும்போது ஜன்னல் வழியே
ஆற்றின் அக்கரைக் கோட்டையைப் பார்ப்பான்.
அந்த ஜன்னலருகே நின்றால் என் போனும்
ரஷ்யாவுக்கு நல்வரவு என்று சொல்லும்.
நார்வாவில் சமையலறை ஒரு தேசம்,
குளியலறை ஒரு தேசம்.

நள்ளிரவில் விர்வே எடுத்தாள்.
தார்த்துவில் இருக்கிறாள், படத்துக்கு ஒலி சேர்க்கிறவள்.
"கேபிள் செருகிப் பார்த்தாயா?"
செருகினேன். தொண்ணூறு.
"ரவுட்டருக்கு நோயில்லை, காற்றில்தான் ஏதோ.
ஒரு வரி சொல்கிறேன், தட்டு."

கறுப்புத் திரையில் பதில் வந்தது.
நாடு: 00.

"அட பாவமே, தான் எங்கே இருக்கிறோமென்று
அதற்குத் தெரியவில்லை, கலேரியா.
தெரியாவிட்டால் எல்லா நாட்டுச் சட்டத்துக்கும்
சேர்த்துப் பயப்படும்.
அகலமான பாதைகள் காலியாகக் கிடந்தாலும்
அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் முண்டும் சந்தில் ஒதுங்கி
மெல்லப் பேசும்."

சிரித்தேன்.
தேவைக்கு மேல் நீண்டுவிட்டது சிரிப்பு.
விர்வே காத்திருந்தாள்.

என் பாஸ்போர்ட் சாம்பல் நிறம்.
குடியுரிமை: தீர்மானிக்கப்படாதது.
பிறந்த நாடு எனக்குப் பதினான்கு வயதாகும்போது
இல்லாமல் போனது.
வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை,
தெருவின் பெயர்ப்பலகை மட்டும்.
விண்ணப்பப் படிவம்
மேசை இழுப்பறையில், அகராதிக்கு அடியில் இருக்கிறது.
தேர்வில் தேறுவேன். எல்லோருக்கும் தெரியும்.
அகராதி பிடித்தவள் என்பதும்.

இரண்டு எழுத்து தட்டச் சொன்னாள்.
ஈ. ஈ.
அரசமைப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை,
உறுதிமொழி இல்லை,
எத்தனை வருடமாக இங்கே என்று யாரும் கேட்கவில்லை.
எண்பத்தெட்டு மெகாபிட்.
ஒன்பது நிமிடத்தில் படம் இறங்கியது.
முதல் காட்சியில் ஒருவன் படகுக்கு வண்ணம் அடிக்கிறான்.
நெடுநேரம் வசனமே இல்லை.

காலையில் லேப்டாப்பைத் திறந்தேன்.
மறுபடி பூஜ்யம் பூஜ்யம்.
ஒரு கோப்பில் எழுதிவிட்டால் நிலைத்துவிடும் என்கிறாள் விர்வே,
ஒரு நிமிட வேலை.

மூன்று வாரமாயிற்று. எழுதவில்லை.
காப்பியை அடுப்பில் வைத்துவிட்டு
தினமும் நானே சொல்கிறேன் அதற்கு.
மீன்களை மட்டும்
பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன்.