போர்ட் எண் 1521

நிறுவ ஒன்றுமில்லை என்றான் போனில் முனாஃப்.
ஜிப்பைப் பிரி, உள்ளே இருப்பதை இரண்டு தட்டு தட்டு,
அவ்வளவுதான்.
வாதி கபீரில் எந்தப் பெட்டி
அவ்வளவுதானில் திறந்திருக்கிறது?

ஜாவா எங்கே என்று கேட்டது முதலில்.
கேன்சல் செய்தேன்.
மறுபடி திறந்தேன். மறுபடி ஜாவா எங்கே.
வந்து இறங்கியவனிடம்
ஸ்பான்சர் பெயரைக் கேட்கும் கவுண்ட்டர் மாதிரி
வேறு பேச்சே இல்லை அதற்கு.

வியாழன் மாலை. வெளியே நாற்பத்தாறு டிகிரி,
உள்ளே பதினெட்டில் ஏசி.
முப்பத்திரண்டா அறுபத்துநான்கா என்ற தகராறு தீர்ந்து
ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழு இறங்கி
இதோ உன் ஜாவா என்று காட்டியதும்
சாம்பல் நிறத்தில் ஒரு சன்னல்.
இடப்பக்கம் வெறுமை,
அதன் தலையில் ஒரு பச்சைக் கூட்டல் குறி.

இணைப்புக்குப் பெயர் கேட்டது. கேம்ப் என்று வைத்தேன்.
பாஸ்வேர்டை
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த பினோய்
ஸ்டேப்ளரின் வயிற்றில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.
ஹோஸ்ட்: நான்கு எண்கள், இடையில் மூன்று புள்ளி.
போர்ட்: 1521.
எனக்குத் தெரிந்த போர்ட் மத்ராவில் இருக்கிறது,
கப்பல் வந்தால் கண்ணுக்குத் தெரியும்.
இங்கே டெஸ்ட் பொத்தான்தான் சொல்ல வேண்டும்.
தோல்வி.
தோல்வி.
கேப்ஸ் லாக்.
வெற்றி.
மூலையில் பொடி எழுத்தில் வந்த அந்த ஒரு சொல்லுக்கு
ஆளில்லாத ஆபீசில் எழுந்து நின்றேன்.

தொழிலாளி. கட்டில். காலணி. தண்ணீர் கேன். ஓவர்டைம்.
அட்டவணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன.
நான்கு வருஷமாய் எக்செல்லில்
வெட்டியும் ஒட்டியும் நான் இடம் மாற்றிய ஆட்கள்,
பச்சை முக்கோணத்தை அழுத்தினால்
ஐம்பது ஐம்பதாக வந்து நிற்கிறார்கள்.
சிலருக்குக் கட்டில் எண் இருக்க வேண்டிய கட்டத்தில்
நல் என்று இருந்தது.
தமிழில் வாசித்துவிட்டால் நல்லதாகிவிடும்.
பூஜ்யம் என்றால் யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.
இது, யாரும் எண்ணவில்லை.

ஹிஷாம் சார் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருந்தது.
நீக்க வேண்டியவர்கள் பதினொரு பேர்.
வரியைத் தேர்ந்தெடு, சிவப்புப் பெருக்கல் குறி.
பத்துப் பேர் சத்தமில்லாமல் போனார்கள்.
பதினொன்றாவது, எண் 2207,
வீரபெருமாள், சாரம் கட்டும் பிரிவு,
போக மாட்டேன் என்றார்.
அவர் எங்கே சொன்னார், பெட்டி சொன்னது:
இவரைச் சார்ந்த பதிவு வேறொரு அட்டவணையில் உள்ளது.

தேடினேன்.
கட்டில் திருப்பியாகிவிட்டது. காலணியும்.
ஓவர்டைமில் ஏப்ரல் மாதம், நாற்பத்தொரு மணி நேரம்.
கொடுத்த தேதி: நல்.

வலது கிளிக் செய்தால்
கட்டுப்பாட்டை முடக்கு என்று ஒரு வழியும் இருக்கிறது.
சுண்டுவிரல் பாரம்கூட வேண்டாம் அதற்கு.
போன் அதிர்ந்தது. முடிந்ததா, என்றது ஹிஷாம் சாரின் குரல்.
இப்போதுதானே இன்ஸ்டால் ஆகியிருக்கிறது சார், என்றேன்.
பொய்யில்லை.

கமிட் அழுத்தும்வரை
அந்தப் பத்துப் பேர் போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.
பக்கத்து மேசையிலிருந்து பார்த்தால் இன்னும் இருப்பார்கள்.
ரோல்பேக் அழுத்தினேன்.
எல்லோரும் அவரவர் வரிக்குத் திரும்பினார்கள்,
எதுவும் நடக்காத முகத்தோடு.

பிறகு வெள்ளைத் தாளில்
என் வாழ்நாளின் முதல் கேள்வியை எழுதினேன்:
ஓவர்டைமில் கொடுத்த தேதி இல்லாதவர் யார் யார்.
செமிகோலன் விட்டுப்போனது. வைத்தேன்.

நூற்று முப்பத்தேழு வரிகள்.
ஐம்பது வந்தார்கள். இழுத்தால் இன்னும் ஐம்பது.
கீழிருந்து நான்காவது, பினோய்.

பிரிண்டரில் மூன்று தாள் சூடாக விழுந்தது.
சேர்த்துத் தட்டி
ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தேன்.