மாமனுக்கு ஆகாது

"அண்ணா, தண்ணி போயிடுச்சு."
அதிகாலை நாலு பத்து.
வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தொன்பது.
மாப்பிள்ளை லாரியோடு தண்டர் பே தாண்டி எங்கோ.

முப்பத்தாறாம் வாரம்.
ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள்:
பனிக்குட நீர் அதிகம், தலை இறங்கவில்லை,
குடத்துக்குள் எலுமிச்சைபோல் மிதக்கிறது.
நீர் உடைந்தால் என்ன செய்வதென்று
பச்சைத்தாளில் அச்சடித்துக் கொடுத்ததை
நான்தான் ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்,
பீட்சா கூப்பனுக்குப் பக்கத்தில்.
ஒட்டியதோடு சரி.

"ஏதோ வழுக்குது அண்ணா. துடிக்குது."

தங்கையிடம் அண்ணன் பார்க்கக் கூடாதது என்று ஒன்று
இத்தனை வருடம் இருந்தது.
குளியலறை வாசலில் அது முடிந்தது.
நீலமும் வெள்ளையுமாய் முறுக்கிய கொடி,
ஒரு விரல் நீளம், ஈரமாக,
பிள்ளையை முந்திக்கொண்டு வந்த
பிள்ளையின் மூச்சு.

போனில் ஒருத்தி, அவசரமே இல்லாத குரலில்:
மண்டி போடச் சொல்லுங்கள்.
மார்பு தரையில், இடுப்பு உயரே.
கொடியைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள்.
முக்க வேண்டாம்.
தலை இறங்கினால் கொடி நசுங்கும்.

நித்திலா மிதியடியில் நெற்றியை வைத்தாள்.
நான் ஹீட்டரைக் கூட்டினேன்.
ஆம்புலன்ஸுக்காக வாசல் கதவைத் திறந்தேன்.
குளிர் வந்தது, மூடினேன்.
திறந்தேன்.

சட்டையில் மாரிசெல் என்று பெயர்.
கையுறை மாட்டினாள்,
இரண்டு விரலால் உள்ளிருந்த தலையை
மேலே தாங்கினாள்.
அவ்வளவுதான் வைத்தியம்.
சார்ஜென்ட் அவென்யூ பனிமேட்டில் வண்டி எகிறியபோதும்,
லிஃப்டில், நடையில், அறுவை அறைக் கதவு வரையில்
கட்டிலோடு கட்டிலாய் அவளும் மண்டியிட்டே போனாள்.
விரலை எடுக்கவில்லை.
துடிக்கிறது, துடிக்கிறது என்று
ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.
எனக்குத் தமிழில் கேட்டது.

மயக்க மருந்து, கத்தி, ஏழு நிமிடம்
என்று பிற்பாடு சொன்னார்கள்.
நான் அந்நேரம் சுவரில் இருந்த
தீயணைப்பு வழிமுறையை
மூன்று முறை படித்து முடித்திருந்தேன்.
வெளியே வந்த மாரிசெல்லுக்கு விரல்கள் மடங்கவில்லை.
காப்பியை இடதுகையால் வாங்கினாள்.

பெண். இரண்டு கிலோ நானூறு.
ஈரோட்டிலிருந்து அம்மா
எடையைக் கேட்கவில்லை.
"கொடி சுத்தியிருந்துச்சா?"

சுற்றியிருந்தது. கழுத்தில் ஒரே ஒரு சுற்று.
அது சாதாரணம், நிறைய பிள்ளைகளுக்கு உண்டு,
நாங்கள் பயந்தது வேறு என்றார் டாக்டர்.
அம்மாவின் பயம் இன்னும் வேறு.
மாலை சுற்றிப் பிறந்தது மாமனுக்கு ஆகாது.
எண்ணெய்க் கிண்ணத்தில்தான் நான் அதன் முகம் பார்க்க வேண்டும்.

"இல்லம்மா" என்றேன்.

இன்குபேட்டர் கண்ணாடியில் முதலில் என் தாடி தெரிந்தது.
கொஞ்சம் குனிந்ததும் அது போய்
அவள் தெரிந்தாள்:
மூக்கில் குழாய், நெற்றியில் சுருக்கம்,
யார்மீதோ கோபம்.
நேராகத்தான் பார்த்தேன்.
அவளும் ஒரு கண்ணால்.

வீட்டுக்கு வந்து குளியலறையைக் கழுவினேன்.
மிதியடியை என்ன செய்வதென்று தெரியவில்லை,
பால்கனியில் போட்டேன், நிமிடத்தில் விறைத்தது.
பிறகு பச்சைத்தாளைப் படித்தேன்.
ஐந்தாவது வரி:
மண்டியிடவும்.
உதவி வரும்வரை எழ வேண்டாம்.