சோதனைக் கணக்கு

முல்லா வீதியில், அத்தர் கடைக்கு மேல்மாடி.
மூன்று நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர், நாங்கள் நால்வர்.

கைக்கூலிக்குக் கட்டமே வைக்கவில்லை படிவத்தில்.
'இதர விவரங்கள்' வழியாக உள்ளே வந்துவிட்டது:
ஊர் வழக்கப்படி,
பெண் வீட்டார் பிரியம்போல,
ஒருவர் வெறுமனே 'இன்னோவா'.
அதே ஆள் மஹர் கட்டத்தில் ஐந்நூற்றொன்று.

அதையெல்லாம் வடிகட்ட நிரல் எழுதுவது என் வேலை.
சோதித்துப் பார்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது.
இரவு பதினொன்று. கற்பனைக்குச் சோம்பல்.
என்னையே போட்டேன்:
முப்பத்து நான்கு. குலா வாங்கியவள். ஒரு மகன்.
எதிர்பார்ப்பு: கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவர்.

வெள்ளிக்கிழமை செயலி வெளியானது.
ஜும்ஆ முடிந்து பிரியாணி வந்தது,
லுக்மான் ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தான்.
அந்தக் கணக்கை அழிக்க மறந்திருந்தேன்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர்,
படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்:
"எங்கள் வீட்டுக் கதவு
கடல்காற்றில் தானாகவே அறையும்.
நேற்று ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன்.
வஸ்ஸலாம்."

வேறொன்றும் இல்லை. சம்பளம்கூட எழுதவில்லை மனிதர்.

பிழைப் பட்டியலில் பதிந்தேன்:
சோதனைக் கணக்கு ஒன்று நேரலையில் இருக்கிறது.
அவசரம்: இல்லை.