மச்சாடோவிடம் கேட்டார்கள்

மூக்கையூர் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை
யாரோ அடித்துவிட்டுப் போன மறுநாள்
என்னைத் தேடி வந்தார்கள்.
அங்கோலா கடலில் எண்ணெய் மேடையில்
பதினோரு வருடம் குழாய் ஒட்டியவன்
ஊரில் நான் ஒருத்தன்தான்.
"அந்த நாடு எப்படி மாப்ள?
எண்ணெய் வந்தா சனம் எப்படியிருக்கும்?
உள்ளதைச் சொல்லு."

உள்ளது இதுதான்.
லுவாண்டா முகாம் வாசலில் முதல் நாள்
என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த காவலாளி சிரித்தான்.
அவன் சட்டையில் குத்தியிருந்த பெயரும் மச்சாடோ.
ஒரே கப்பல்காரன்
இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன பெயர்.
நமக்கு ஞானஸ்நானத்தோடு வந்தது,
அவர்களுக்கு விலங்கோடு.
அவன் ஜன்னலைக் காட்டி ஜனேலா என்றான்.
மேசை அவனுக்கும் மேசா.
அறையில் இருந்த சாமான்கள் எல்லாம்
தூரத்துச் சொந்தம் போல என்னைப் பார்த்தன.

சனத்தில் பாதிக்கு மீசை முளைக்கவில்லை.
அவ்வளவு பிள்ளைகள்.
ஃபிலோமேனா என்றொருத்தி
முதுகில் குழந்தை, தலையில் மீன் வாளி.
போலீஸ் வண்டி தெருவுக்குள் திரும்பினால்
ஒரு மீன் சிந்தாமல் ஓடுவாள்.
தகரக் குடிசைகளுக்குக் குழாய் இல்லை.
லாரித் தண்ணீர், குடத்துக்கு விலை.
அங்கே நின்றபோது எனக்கு
ஊர் ஞாபகம் வரவில்லை.
சாயல்குடி ரோட்டில்தான் நின்றேன்.

அரசாங்கமா?
வெள்ளைக்காரன் போனதும் இருபத்தேழு வருடம் சண்டை.
ஒரு பக்கத் துப்பாக்கி எண்ணெய்க் காசில்,
மறுபக்கத் துப்பாக்கி வைரக் காசில்.
சண்டை ஓய்ந்த பிறகும்
கண்ணிவெடிக்கு யாரும் சொல்லவில்லை.
அது கிழங்குத் தோட்டத்தில் காத்துக்கொண்டு கிடந்தது.
ஒரே கட்சி.
ஒரே ஆள் முப்பத்தெட்டு வருடம்.
"ஓட்டு உண்டா?" என்றான் சவரிராயன்.
உண்டு.
"காசு குடுப்பாங்களா?"
அதை நீ கேட்காதேடா என்றேன்.

ராத்திரியில் மேடைத் தீ கடலைப் பகலாக்கும்.
கரையில் பெட்ரோல் பங்கில் இருட்டு, வரிசை.
கச்சா ஏற்றிய கப்பல் வெளியே போகும்,
பெட்ரோல் ஏற்றிய கப்பல் உள்ளே வரும்.
எண்ணெய் விலை விழுந்த வருடம்
கடைசி மூன்று மாதச் சம்பளத்தை
குவான்சாவில் எண்ணிக் கொடுத்தார்கள்.
கீழக்கரையில் காசு மாற்றுகிறவர்
நோட்டைப் புரட்டி, சீட்டைப் போலத் திருப்பித் தந்தார்.
ஜெசிந்தா அதை அலமாரிக்கு அடியில்
ஆடாமல் இருக்கக் கொடுத்திருக்கிறாள்.
அலமாரியும் அவர்கள் சொல்தான்.

"அப்ப வேணாங்கிறியா?"
செலஸ்டின் எழுந்தான்.
வலைக்கடன், படகுக்கடன்,
ஐடிஐ முடித்து இரண்டு வருடமாய்
கரிமூட்டத்துக்கு மண் அள்ளும் மகன்.
"உன் வீட்டுத் தரை மார்பிளு.
எந்தக் காசுல போட்ட?
உனக்குக் கிடைச்சது எம்மகனுக்கு வேணாமா?"

பதில் வாய்வரை வந்தது.
என் காலடியில் அந்தத் தரை
குளிர்ந்துதான் கிடந்தது.
அங்கே எங்கள் மேடையில்
அந்த ஊர்ப் பையன்களுக்குக் கிடைத்த வேலை
கேட்டைத் திறப்பது, சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவது.
அதைச் சொன்னேன்.
"அதாவது கிடைச்சுதே" என்றான்.

கடலைக் கட்டம் கட்டமாய்க் கிழித்து
விற்பதற்கு என்ன பெயர் என்று
காவலாளி மச்சாடோ ஒருநாள் சொல்லித்தந்தான்.
லைலாவ்.
இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு
நம்மிடமும் இருக்கிறது என்றேன்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள்.
முளைக்குச்சியில் யாரோ சட்டையை மாட்டியிருந்தார்கள்.
நூற்றி எண்பது, நூற்றி எண்பது,
இருநூறு ஒரு தரம்.
கூடைக்குள் நண்டுகள்
இன்னும் அசைந்துகொண்டிருந்தன.