மிச்சம்

மணிக்கட்டு என்ற சொல்லுக்குள்
மணி இருப்பதை
இந்த வருடம்தான் கவனித்தேன்.

பூர்க்டோர்ஃப். எம்மே ஆற்றுக்கு இந்தப் பக்கம்
முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை.
பதினொரு வருடம்
நூற்றிருபது பேரின் தட்டுகளைத்
தூக்கினேன், சாய்த்தேன், அடுக்கினேன்.
இரவில் வலது கை
வேறு யாருடையதோ போலத்
தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும்.

பங்குனியில் இயந்திரம் வந்தது.
அதைக் குறை சொல்ல மாட்டேன்.
தட்டை அதுவே எடுக்கிறது.
ஒட்டிக்கிடக்கும் உருளைக்கிழங்கை
ஒற்றைக் கண்ணால் பார்த்து
இத்தனை கிராம் என்கிறது.
நெற்றியில் பச்சை எழுத்து:
இன்று மிச்சம் இரண்டு மணி பத்து நிமிடம்,
முந்நூற்று நாற்பது லீற்றர் தண்ணீர்.

சித்திரை முடியுமுன் வலி போய்விட்டது.
ஊறுகாய்ப் போத்தலின் மூடியை
நானே திறந்தேன்.
சிரிக்காதீர்கள், அது பெரிய விஷயம்.

வைகாசியில் கடிதம்.
எண்பது வீத வேலை இனி அறுபது வீதம்.
நன்றியுடன், அன்புடன், ஃப்ராவ் ஆஷ்லிமான்.
கட்டு அவிழ்ந்த கையோடு
மணியும் போனது.
வாடகையில் அறுபது வீதம் என்று
ஒன்று கிடையாது.

கேட்டேன்:
அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தை
எங்கே வைத்திருக்கிறீர்கள்?
பகிடி என்று நினைத்தாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி
மேசையில் வைத்தாள்.
தனக்கும் மேலே ஆள் இருப்பதாகச் சொன்னாள்.

மிஞ்சிய தண்ணீர் ஆற்றில் இருக்கிறது,
பாலத்தில் நின்று பார்க்கலாம்.
மிஞ்சிய நேரம்?

இரண்டாம் மாடியில் ஸ்பிண்டன் ஐயா.
ஒரு கரண்டி சூப்புக்கு
மூன்று நிமிடம் எடுப்பவர்.
பக்கத்தில் இருந்து ஊட்ட நேரமில்லையாம்,
நேரம் மிஞ்சுகிற
அதே கட்டிடத்தில்.
ஆறிப்போன சூப் கீழே வரும்.
நூற்றெண்பது கிராம், என்கிறது இயந்திரம்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று மாலை
பச்சை எழுத்துக்குக் கீழே
துண்டுக் காகிதம் ஒட்டினேன்.
ஜெர்மன் மொழியில் ஒரே சொல்: யாருக்கு?
மறுநாள் அதன் கீழே
லுர்தெஸ் போர்த்துக்கேய மொழியில் கேட்டிருந்தாள்.
அதற்கடுத்த நாள், செனாயித்.
அவள் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது,
கேள்விக்குறி தெரியும்.

வியாழக்கிழமை
இயந்திரம் பார்க்க வந்த பையன்
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு
அதற்கு முன் கொஞ்ச நேரம் நின்றான்.
எதுவும் சொல்லவில்லை.
ஈரத்துணியால் திரையைத் துடைத்தான்,
காகிதத்தின் ஓரம் நனையாமல்
சுற்றிச் சுற்றி.