இரண்டு கையெழுத்து

ஆராதனை முடிந்து
போதகர் தன் பழைய புரோட்டோனில்
அடுத்த தோட்டத்துப் பதினொன்றரைக்கு ஓடியாயிற்று.
ஒலிவாங்கியைத் துணியில் சுற்றி
பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான் சீலாஸ்.
வெளியே மீகூன் பொட்டலங்களோடு
எல்லாரும் இன்னும் நிற்கிறார்கள்,
மழை வருமா, செம்பனைக் குலை விலை ஏறுமா என்று.

உள்ளே, பாடகர் அங்கிகள் தொங்கும் சிற்றறையில்
நானும் தொர்க்காளும்.

காணிக்கையை இருவர் எண்ணவேண்டும்,
இருவர் கையெழுத்திடவேண்டும்.
சபைச் சட்டம்.
பேசவேண்டும் என்று சட்டத்தில் இல்லை.
ஆகவே நான்கு வருடமாகப் பேசவில்லை.

என்ன சண்டை என்று கேட்டால்
கூரைத் தகரம் என்பார்கள்.
அவள் தம்பி கொடுத்த விலைப்பட்டியலை
நான் கூட்டத்தில் வரிவரியாக, உரக்க வாசித்தேன்.
ஆணிக்கு எவ்வளவு என்பதைக்கூட விடவில்லை.
மறுவாரமே அவன்
மோட்டார்சைக்கிள் கடை மாடியில் நடக்கும்
வேறு சபைக்குப் போனான்,
பின்னாலேயே ஏழு குடும்பம், ஒரு கீபோர்டு.
வேறு ஆளை வைத்துத் தகரம் போட்டோம்.
ஒழுகுகிறது.
யார் போட்டிருந்தாலும் ஒழுகியிருக்கும் என்று
இப்போது தோன்றுகிறது.
அதை எப்படி அவளிடம் சொல்ல.

அவள் நோட்டு; நான் சில்லறை.
மைலோ டின்னைக் கவிழ்த்தால்
இருபது காசுகள் மேசை விளிம்புவரை உருளும்.
'நூற்றுப் பதினெட்டு' என்பாள், என்னைப் பார்க்காமல்.
'நாலு அறுபது' என்பேன், சுவர்க் காலண்டரிடம்.
எங்களுக்குள் மிச்சமிருந்த பாஷையில்
எண்கள் மட்டும்தான்.

நோட்டுகளுக்கு முகம் உண்டு.
கணவனுக்குத் தெரியாமல் வரும் பவளக்கொடியின் ஐந்து ரிங்கிட்
எட்டாக மடிந்து, பவுடர் வாசத்தோடு இருக்கும்.
ஒட்டுப்பால் நாறுவது ஏனோக்குடையது.
மடிப்பே இல்லாத பத்து, அந்த நேபாளப் பையனுடையது:
தமிழில் ஒரு வார்த்தை தெரியாது,
மூன்று மாதமாகக் கடைசி பெஞ்சு,
எந்தப் பாட்டுக்கும் முதலில் எழுந்து நிற்பவன்.

இன்று பதினேழாம் எண் உறையில்
காசில்லை.
மளிகைக் கடைச் சீட்டின் முதுகில், பென்சிலில்:
'இந்த மாதம் ஆண்டவருக்கு நாற்பது ரிங்கிட் பாக்கி.
வீட்டுக்காரியை டயாலிசிஸுக்குக் கொண்டுபோன
வேனுக்குக் கொடுத்துவிட்டேன்.
அடுத்த சம்பளத்தில் சேர்த்துப் போடுகிறேன்.
ரசீது வேண்டாம். ஞா. யோபு.'

தொர்க்காள் இரண்டுமுறை படித்தாள்.
என் பக்கம் தள்ளினாள்.
மின்விசிறி அதைத் தூக்கப் பார்த்தது;
இரண்டு கைகள் ஒரே நேரத்தில் அமுக்கின.

"இதை எதுல எழுதுறது?"
என்னிடம் கேட்டாளா, சீட்டிடமா, தெரியவில்லை.
"வரவுல."
"பணம் இல்லாத வரவா?
கணக்குப் பார்க்க ஈப்போவிலிருந்து வர்றவருக்கு
யார் பதில் சொல்றது?"
"அப்ப பாக்கின்னு எழுது."
"யாருக்கு யாரு பாக்கி?"

குலை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டில் போனது.
ஜன்னல், டின், அடுக்கிவைத்த காசு,
எல்லாம் அதிர்ந்து நின்றன.
வாராவாரம் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில்
கடன் என்று வரும் இடத்தில்
பின் பெஞ்சில் அவள் குரல் இறங்குவதைக்
கேட்டிருக்கிறேன்.
என் குரல் இறங்குவதை
அவளும் கேட்டிருப்பாள்.

லாரிச் சத்தம் தேய்ந்தபின்
பதினேழுக்கு நேரே ஒரு கோடு இழுத்தாள்.
பூஜ்யம் இல்லை. கோடு.
அதன்மேல் சீட்டை வைத்துக் குண்டூசி குத்தினாள்.
கையெழுத்துப் போட்டாள்.
நான் என் பெயரில் பாதி வந்திருப்பேன்,
"தாள் நனையுது, தள்ளி வை" என்றாள்.

மழை.
வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை
இழுக்கும் சத்தம்.
டின்னை எடுத்துச் சொட்டுக்கு நேராக வைத்தேன்.
அடியில் ஓர் ஐந்து காசு ஒட்டியிருந்திருக்கிறது:
முதல் சொட்டு அதன்மேல் விழுந்து ணங்கென்றது.
இருவரும் எட்டிப் பார்த்தோம்.
கணக்கை
மூடியாயிற்று.