மூன்றாம் கியரில், சூடான பிறகு

மூன்றாம் கியரில், சூடான பிறகு,
நாலாயிரத்தைத் தொடும்போது மட்டும்
விக்குகிறது என்றார்
மருந்துக்கடை தேவநேசன்.
வயது ஐம்பத்தாறு.
வெள்ளி நிறச் சில்வியா,
ஜொகூரில் யாரோ சலித்து விற்றது.

சிரம்பானில் மூன்று பட்டறை பார்த்தாயிற்று.
பிளக் மாற்றினார்கள். பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள்.
மாற்ற ஒன்றும் மீதியில்லாதபோது
காடியை விற்றுவிடுங்கள் என்றார்கள்.
பில்களை ஒரு மாத்திரை உறையில் வைத்திருந்தார்,
காலை ஒன்று இரவு ஒன்று என்று அச்சடித்த உறை.

பானட்டைத் திறப்பதற்கு முன்
நான் கேட்பது ஒன்றுதான்.
எங்கே ஓட்டுறீங்க?
கடைக்கும் வீட்டுக்கும் என்றார்.
கடைக்கும் வீட்டுக்கும் இடையில்
இந்த பஹாவ் பட்டணத்தில் ஐந்து சிக்னல்.
மூன்றாம் கியர் நாலாயிரத்துக்கு
அங்கே இடம் ஏது?

கேட்கவில்லை. ஜாக்கியை வைத்தேன்.
அடியில் செம்மண், விரல் கனத்துக்கு.
ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே
ஒரு செம்பனை முள்.
அதன் நுனியில் பச்சைத் தண்ணீர்
துளியாய் நின்று, யோசித்து, விழுந்தது.

பதினாலாம் பிளாக்கைத் தாண்டினால்
முன்பு மருந்து தெளிக்கும் விமானம் இறங்கிய
ஓடுதளம் ஒன்று கிடக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு அங்கே ஏதோ அலறுவதாக
லோரிக்காரர்கள் சொல்வார்கள்.
தோட்டத்து ஜாகா அதை முனி என்று முடிவுகட்டி
சுருட்டு வைக்க ஆரம்பித்து ஆறு மாதமாகிறது.

முள்ளை மேசைமேல் வைத்தேன்.
அவர் முள்ளைப் பார்த்தார்.
நான் துணியில் கையைத் துடைத்தேன்.
"வீட்ல சொல்லிடாத, தவமணி."
ரேடியேட்டருக்கு இருநூற்றெண்பது வெள்ளி என்றேன்.

விக்கல் அதனால் இல்லை. அது வேறு.
பெயர் சில்வியா என்பதால்
அவள் இவள் என்று பேசுகிறார்கள் இதை வாங்குகிறவர்கள்.
எனக்கு அது நாலு சிலிண்டர்,
அதில் ஒன்று பொய் சொல்கிறது.

இரவு எட்டரை. மழை விட்டிருந்தது.
ஷட்டரை இறக்கினேன்.
புகை போகப் பின்கதவு திறந்திருந்தது.
எஞ்சினை ஓடவிட்டு, சூடேறும்வரை
ஒரு கோப்பி குடித்தேன்.
பிறகு விளக்கை அணைத்தேன்.

துணி இஸ்திரி போடத் தெளிக்கும் போத்தல்.
காயில்கள் மேல் தூறலாய் அடித்தேன்.
முதலாவது, ஒன்றுமில்லை.
இரண்டாவது.
மூன்றாவதன் கழுத்தில்
நீலமாய் ஒரு நூல்
துடித்தது, அணைந்தது, துடித்தது.
எஞ்சின் விக்கியது.

மயிரிழை விரிசல்.
குளிரில் மூடிக்கொள்ளும், சூட்டில் வாய் திறக்கும்.
பிளக்குக்குப் போகவேண்டிய பொறி
பக்கத்து இரும்புக்கு ஓடிவிடும்.
சிரம்பான்காரர்களைக் குறை சொல்லமாட்டேன்.
அவர்கள் பகலில் பார்த்தார்கள்.

ஆ லீப்பின் ஹாஃப்கட் கடையில்,
ஜப்பானிலிருந்து பாதியாய் அறுபட்டு வந்த காடிகளுக்கு நடுவே
முட்டி போட்டு ஒரு காயில் தேடினேன்.
நூற்றுப்பத்து வெள்ளி.
உத்தரவாதம்?
மேலே கையைக் காட்டினான்.
மேலே தகரக் கூரை.

பொருத்தியாயிற்று.
ஆனால் ஓடும்போது வந்த விக்கல்
நிற்கும்போது தீர்ந்ததென்று
எந்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போடக்கூடாது.
ஓட்டிப் பார்க்க வேண்டும்.
மூன்றாம் கியரில், சூடான பிறகு.
அதற்கு எனக்கும்
ஒரே ஓர் இடம்தான் தெரியும்.

வெடித்த தாரில் லாலாங் புல்.
இரு பக்கமும் செம்பனை, வரிசை வரிசையாய்,
விளக்கொளியில் மட்டைகள் விலகி விலகி.
மூவாயிரம்.
மூவாயிரத்து எண்ணூறு.
நாலாயிரம்.
விக்கவில்லை.
சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.
ஐயாயிரம்.
ஆறாயிரத்து இருநூறு.
வாய் திறந்திருந்ததைப்
பூச்சி ஒன்று உள்ளே போனபோதுதான் கவனித்தேன்.

மூன்று முறை ஓட்டினேன்.
பில்லில் ஒருமுறை என்று எழுதுவேன்.

திரும்பும்போது பதினாலாம் பிளாக் கேட்டருகே
கல்லின்மேல் ஒரு சுருட்டு.
வரும்போது அது அங்கே இல்லை.
நுனி இன்னும் கனன்றுகொண்டிருந்தது.